கன்மாடமும் படமாடமும்

செங்கடலின் கீழ்க்கரையில் ஜித்தா என்னும் துறைமுக நகர் உள்ளது. மக்காவை நாடிச் செல்லும் முஸ்லிம் பெருமக்கள் பல நூற்றாண்டுகளாக இத்துறையில் இறங்கி மேற்செல்வது வழக்கம். தமிழகத்தினின்று ஹஜ்ஜுப் பயணம் மேற்கொள்வோர்க்கும் இது பழகிய ஊரே. மரக்கலங்கள் வந்து நின்ற காலத்தில் எழுந்த பவளக்கல் மாளிகைகள் அந்நகரின் பழைய பகுதியில் இன்றும் நிற்கின்றன. நகருக்கு வடக்கே ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில், வானூர்தி நிலையத்தின் ஒரு பகுதியாக, துணியால் வேயப்பட்ட பேரரங்கு ஒன்று 1981ஆம் ஆண்டு முதல் நிற்கின்றது. இரண்டும் ஒரே வெயிலையும் ஒரே கடற்காற்றையும் தாங்குவன; இரண்டும் ஹஜ்ஜுப் பயணிகளுக்கு நிழல் தந்தன. ஆயினும், ஒன்று நிற்கும் முறை மற்றொன்று நிற்கும் முறைக்கு நேர்மாறானது.

தமிழில் கூடாரத்திற்குப் 'படமாடம்' என ஒரு பெயர் உண்டு. படம் என்பது ஈண்டுச் சீலை; சீலையால் ஆகிய மாடம் படமாடம். துணியை இழுத்துக் கட்டியதையும் மாடம் என்றே முன்னோர் வழங்கினர் என்பது கருதத்தக்கது. கூடாரம் கட்டடமே அன்று என்பாரும் உளராதலின் இச்சொல்லை இங்கே நினைவு கூர்தல் தகும்.

முதற்கண் கன்மாடத்தை நோக்குவோம். ஜித்தாவின் பழைய வீடுகளுக்கு வேண்டிய கல்லைக் கடலே அளித்தது. கரையோரத்துப் பவளப் பாறைகளை வெட்டியெடுத்துச் சுவர் எழுப்பினர். பவளம் என்றவுடன் மாலையிற் கோக்கும் செம்மணியை எண்ணலாகாது. கடல்வாழ் சிற்றுயிர்களின் உடலினின்று தோன்றிய சுண்ணாம்பு படிந்து படிந்து இறுகிய வெளிறிய பாறையே இது. எண்ணற்ற நுண்துளைகளை உடையது, வெட்டுவதற்கு எளியது, ஆனால் வலிமையிற் குறைந்தது. இத்தகைய கல்லைக் கொண்டு நான்கைந்து நிலை மாடங்களை எழுப்புவது எளிதன்று. ஆகவே அந்நாட்டுக் கொத்தர்கள் ஓர் உபாயம் கண்டனர். சுவர் உயர உயர, இடையிடையே மரச்சட்டங்களைக் கிடையாக வைத்துக் கட்டினர். மேலிருந்து இறங்கும் பாரம் ஒரு கல்லின் தலையில் விழாமல் பல கற்களின்மேல் பரவுவதற்கு அச்சட்டங்கள் உதவின. இடுப்பில் இறுக்கிய கச்சைபோலச் சுவர் பிளவாதபடியும் காத்தன. புறத்தே சுண்ணச் சாந்து பூசினர்.

தெருவை நோக்கிய பக்கங்களில் மரத்தால் ஆகிய பெரும் பலகணிகள் சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும். அவற்றை 'ரோஷன்' என்பர். நுண்ணிய பின்னல் வேலைப்பாடு உடையவை. உள்ளிருப்போர் தெருவைக் காணலாம். தெருவிற் செல்வோர் உள்ளே காண இயலாது. கடற்காற்று மட்டும் தடையின்றிப் புகும். இப்பலகணிகளுக்கும் கதவுகளுக்கும் இந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்ற தேக்கு மரமும் பயன்பட்டது. இவ்வீடுகளுள் புகழ் பெற்றது நஸீப் இல்லம். 1872இல் தொடங்கி 1881இல் முடிக்கப்பெற்றது. 1925இல் அப்துல் அஸீஸ் மன்னர் இந்நகருட் புகுந்தபோது தங்கியது இவ்வில்லத்தில்தான். அதன் வாயிலருகே ஒரு வேப்பமரம் உண்டு. மரம் காண்பது அரிதாயிருந்த அந்நகரில் 'மரமுள்ள வீடு' என்றே அவ்வில்லத்திற்குப் பெயர் வழங்கலாயிற்று. நம் ஊர்த் தெருக்களில் எவரும் ஏறிட்டுப் பாராத வேம்பு, அங்கே ஒரு மாளிகைக்கு அடையாளமாய் நின்றது!

இத்தகைய வீடு எவ்வாறு நிற்கின்றது? தன் எடையாலேயே நிற்கின்றது. கூரை சுவரை அழுத்துகின்றது. மேற்கல் கீழ்க்கல்லை அழுத்துகின்றது. அடிக்கல் நிலத்தை அழுத்துகின்றது. அழுத்தம் எங்கும் குறையாதிருக்கும் வரையில் கட்டடத்திற்கு ஊறில்லை. கல்லைப் பொருத்தமட்டில் அழுத்துவது நன்மை, இழுப்பது தீமை. ஒரு கல்தூணின்மேல் பெரும் பாரம் ஏற்றலாம். அக்கல்லையே நீண்ட உத்தரமாகக் கிடத்தி நடுவிற் பாரம் வைத்தால், அதன் அடிப்புறம் இழுபட்டு வெடிப்புக் காணும். நெடிய கல் உத்தரங்களை இட அஞ்சிப் பண்டைச் சிற்பிகள் தூண்களை நெருக்கி நிறுத்தியதற்குக் காரணம் இதுவே. ஆயிரங்கால் மண்டபத்தின் அழகு, ஒரு வகையில், கல்லின் குறைபாட்டினின்று பிறந்த அழகாகும்.

இனி, இழையின் இயல்பு இதற்கு முற்றும் மாறானது. ஒரு நூலை எவ்வளவு மெல்லத் தள்ளினும் அது மடங்கிவிடும். அந்நூலையே இழுத்தால் தன் கனத்திற்குப் பொருந்தாத வலிமை காட்டும். மெல்லிய கோலை இருமுனையிலும் அழுத்தினால், கோல் நொறுங்குவதற்கு முன்னரே வளைந்து முறியும். ஆதலால் அழுத்தம் தாங்கும் உறுப்புகள் பருத்திருத்தல் வேண்டும். இழுவை தாங்கும் உறுப்புக்கு வளைந்து ஒடியும் அச்சமில்லை. எத்துணை மெல்லியதாயினும் பொருளின் முழு வலிமையும் பயன்படும். துணிக்கூரைகளின் மென்மைக்கு மூலகாரணம் இது.

நம் வீடுகளில் உள்ள கயிற்றுக் கட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் நான்கு கால்களும் நான்கு சட்டங்களும் அழுத்தம் தாங்குகின்றன; கயிறு முழுவதும் இழுவை தாங்குகின்றது. விரல் பருமன் கூட இல்லாத கயிறு ஓர் ஆளைச் சுமக்கின்றது. நாளடைவில் கயிறு தளர்ந்தால் கட்டில் தொட்டில் ஆகிவிடும். அதற்காகவே கால்மாட்டில் கயிற்றை மீண்டும் இழுத்து இறுக்குவதற்கு இடம் விட்டிருப்பர். இறுக்கம் உள்ளவரையில்தான் கட்டில். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால், பெரிய துணிக்கூரைகளின் நுட்பத்தில் பாதி விளங்கிவிடும்.

இரண்டு முறைகளும் ஒன்றற்கொன்று பகையல்ல. கண்ணாடியிற் காணும் உருவம் போன்றவை. இரு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி தானாகவே ஒரு வளைவைப் பெறுகின்றது. அதில் இழுவை மட்டுமே உண்டு. அவ்வளைவைத் தலைகீழாக்கிக் கல்லிற் கட்டினால், அழுத்தம் மட்டுமே உள்ள வில்வளைவு கிடைக்கும். 1675ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட் ஹூக் இவ்வுண்மையை எழுத்துகளை இடம் மாற்றிய ஒரு புதிராக வெளியிட்டார். பார்சிலோனா நகரத்துச் சிற்பி அந்தோனி கௌதி, நூல்களில் சிறு பைகளைத் தொங்கவிட்டு, அவை பெறும் வடிவத்தைத் தலைகீழாகக் கண்டு தம் கட்டடத்தை வகுத்தார்.

இழுவையால் நிற்கும் வீடு அரேபியப் பாலைவனத்திற்குப் புதியதன்று. பவளக்கல் மாளிகை துறைமுகத்து வணிகர்க்கு உரியது எனின், கறுப்புக் கூடாரம் ஆடும் ஒட்டகமும் ஓட்டித் திரியும் பதூவியர்க்கு உரியது. அதனை அவர்கள் 'மயிர்வீடு' என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். வெள்ளாட்டு மயிரை நூற்று, தரையில் அமைத்த தறியில் நீண்ட பட்டைகளாக நெய்து, பட்டைகளை ஒன்றோடொன்று தைத்துக் கூரையாக்குவது பெண்டிர் தொழில். சில கம்புகளை நிறுத்தி, கூரையை அவற்றின்மேல் இட்டு, நெடிய கயிறுகளால் நாற்புறமும் இழுத்து நிலத்தில் முளையடித்துக் கட்டுவர். நெசவு நெருக்கமற்றது, ஆகவே உள்ளிருக்கும் வெப்பக் காற்று இழைகளின் ஊடே மேலேறிப் போய்விடும். மழை பெய்தாலோ மயிர் நீரை ஏற்றுப் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். கூடாரம் தாழ்ந்து பரந்திருத்தலால் காற்று அதன்மேல் வழுகிச் செல்லும். பொறியியல் நூல் ஒன்றையும் பயிலாத மக்கள் கண்ட முறை இது.

இம்முறையை ஆய்ந்து பொறியியலாக வளர்த்தவருள் தலைசிறந்தவர் ஜெர்மானியராகிய பிரை ஓட்டோ. 1925இல் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரில் விமானியாயிருந்து பிரான்சு நாட்டிற் சிறைப்பட்டார். சிறை முகாமில் கட்டட வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பொருளோ கிடைப்பது அரிதாயிருந்தது. குறைந்த பொருளால் நிறைந்த இடத்தை மூடுவது எப்படி என்னும் வினா அவர் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. கம்பியை வளைத்துச் சட்டமாக்கிச் சோப்பு நீரில் தோய்த்தெடுத்தால், அச்சட்டத்தின் நடுவே மெல்லிய படலம் ஒன்று தோன்றும். அப்படலம் எப்பக்கமும் ஒத்த இழுவை உடையதாய், மிகச் சிறிய பரப்பில் அச்சட்டத்தை நிரப்பும். பிரை ஓட்டோ அப்படலங்களை அளந்து கூரைகளுக்கு வடிவம் கண்டார். 1955இல் காசல் நகரத்துத் தோட்டக் கண்காட்சியில் அவர் அமைத்த சிறு இசையரங்கின் கூரை பருத்தித் துணியே. 1967இல் மான்ட்ரியால் உலகக் கண்காட்சியில் ஜெர்மனியின் அரங்கும், 1972இல் மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூரையும் அவர் பெயரை உலகறியச் செய்தன. 2015இல் அவர் மறைந்தார்.

மேலே கூறிய சோப்புப் படலங்கள் தட்டையாக இருப்பதில்லை என்பது நோக்கத்தக்கது. இரு மரங்களுக்கிடையே ஒரு கொடியைக் கட்டி நனைந்த வேட்டியை உலர்த்தினால் கொடி தொய்கின்றது. தொய்வே இல்லாதபடி இழுத்துக் கட்ட எவராலும் இயலாது. கயிறு வளைந்திருந்தாலன்றிப் பாரத்தை மேல்நோக்கித் தாங்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே துணிக்கூரைக்கு வளைவு இன்றியமையாதது. ஆனால் ஒரே வழியில் வளைந்திருந்தால் மற்றொரு தீங்கு நேரும். கீழ்நோக்கித் தொங்கும் துணியைக் காற்று அடியிலிருந்து தூக்கும்போது, துணி மேல்நோக்கிப் புடைக்கும். காற்றுத் தணிந்தவுடன் மீண்டும் விழும். இவ்வாறு படபடவென அடித்துக்கொள்ளும் துணி விரைவிற் கிழியும்.

குதிரைச் சேணத்தின் வடிவம் இதற்கு மருந்து. சேணம் முன்பின்னாகப் பார்த்தால் நடுவிற் குழிந்திருக்கும். பக்கவாட்டிற் பார்த்தால் நடுவில் உயர்ந்திருக்கும். துணியும் அவ்வாறு ஒன்றற்கொன்று குறுக்கான இரு வழியிலும் எதிரெதிராக வளைந்திருப்பின், குழிந்து செல்லும் இழைகள் கீழ்நோக்கி வரும் பாரத்தைத் தாங்கும். உயர்ந்து செல்லும் இழைகள் மேல்நோக்கித் தூக்கும் காற்றை அடக்கும். இரு திறத்து இழைகளும் பாரம் வருமுன்னரே ஒன்றையொன்று இழுத்து விறைத்து நிற்றல் வேண்டும். மத்தளத்தின் தோல், அடிப்பதற்கு முன்பே வாரால் இழுக்கப்பட்டிருப்பது போன்றது இது. விறைப்பில்லாத மத்தளம் ஒலிக்காது. விறைப்பில்லாத துணிக்கூரை நிலைக்காது.

இனி ஜித்தாவின் பேரரங்கை நோக்கலாம். ஹஜ்ஜுப் பயணிகள் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வருவதில்லை. சில வாரங்களில் வெள்ளமெனத் திரள்வர். வந்திறங்கியோர் ஊர்திக்காகப் பல மணி நேரம் காத்திருத்தலும் உண்டு. ஹஜ்ஜு மாதம் சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுவதால் சிலகாலம் கோடையிலும் சிலகாலம் மாரியிலும் வரும். ஒரே வேளையில் 80,000 பேர்க்கு இடமளிக்க வேண்டும். ஆண்டின் பெரும்பகுதியில் இடம் வெறுமையாய்க் கிடக்கும். இவ்வளவு பெரிய பரப்பைக் கற்சுவரால் அடைத்துக் குளிரூட்டுவது பொருளை வீணாக்குவதாகும். வேண்டியது சுவரன்று, நிழல். அந்நாட்டு மக்கள் வெயிலுக்கு ஒதுங்கிய மயிர்வீட்டையே பெரிதாக்கினாற்போன்ற ஓர் அரங்கு அமைக்கப்பட்டது.

அதனை வகுத்தோருள் கட்டடக் கலைஞர் கோர்டன் பன்ஷாப்ட், பொறியியல் அறிஞர் பஸ்லூர் ரகுமான் கான் ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். கான் 1929இல் டாக்கா நகரிற் பிறந்தவர். சிகாகோவில் 442 மீட்டர் உயரமுள்ள 110 நிலைக் கோபுரத்தை எஃகினால் எழுப்பி உலகை வியக்கவைத்தவர் அவரே. அத்துணைப் பாரத்தை நிலத்தில் இறக்கும் கலையில் வல்லவர், பாரமே இல்லாத கூரையை நிலத்தோடு பிணைக்கும் வேலையையும் ஏற்றார்.

அரங்கில் 210 கூடாரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பக்கத்திற்கு 45 மீட்டர் கொண்ட சதுரம். மூலைகளில் 45 மீட்டர் உயரமுள்ள எஃகுத் தூண்கள் நிற்கின்றன. தூண்களின் தலையிலிருந்து இறங்கும் வடங்கள் கூடாரத்தின் நடு உச்சியில் ஓர் எஃகு வளையத்தைத் தாங்குகின்றன. அவ்வளையத்திலிருந்து 32 வடங்கள் ஆரக்கால்கள் போல நாற்புறமும் விரிந்து இறங்குகின்றன. அவற்றின்மேல் துணி இழுக்கப்பட்டுள்ளது. துணியின் ஓரம் தரைக்கு மேல் 20 மீட்டர் உயரத்தில் உள்ளது. உச்சி வளையம் திறந்திருத்தலால் வெப்பக் காற்று அவ்வழியே வெளியேறும். மயிர்வீட்டில் இழைகளின் ஊடே போன காற்று இங்கே வளையத்தின் ஊடே போகின்றது. ஆரமாக ஓடும் இழைகள் குழிந்து வளைகின்றன. சுற்றிவரும் இழைகள் வெளிப்புறம் வளைகின்றன. சேணத்திற் கண்ட எதிர்வளைவே இது.

துணி எத்தகையது? கண்ணாடியை நூலாக இழுத்து நெய்து, இருபுறமும் டெப்லான் என்னும் வழுவழுப்பான பொருளைப் பூசியது. தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ முக்கால் பங்கை மேலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆயினும் சிறிதளவு ஒளியை உள்ளே விடுதலால் பகலில் விளக்கு வேண்டுவதில்லை. இவ்வகைத் துணி ஒரு சதுர மீட்டருக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோகிராம் எடையே உள்ளது. 10 சென்டிமீட்டர் கனமுள்ள காங்கிரீட்டுத் தளமோ, அதே பரப்பிற்கு 240 கிலோகிராம் எடை கொள்ளும். 210 கூடாரங்களும் சேர்ந்து மூடும் பரப்பு 42 எக்டேருக்கு மேற்படும். ஏறத்தாழ 105 ஏக்கர். அத்துணைப் பெரிய நன்செயை ஒரே பந்தலால் மூடுவதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தோன்றும்.

எடை இல்லாமை பெருமையே. ஆயின் அதுவே தொல்லையும் ஆகும். கன்மாடத்தைக் காற்றுத் தூக்காது. அதன் எடையே அதற்குக் காவல். படமாடத்திற்கு அக்காவல் இல்லை. கன்மாடத்தின் அடிப்படை பாரத்தைத் தாங்கிக் கீழ்நோக்கி அழுந்துகின்றது. படமாடத்தின் முளையோ மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் இழுபடுகின்றது. அரங்கின் நடுவிலுள்ள கூடாரங்களுக்கு இவ்வகையில் இடர் குறைவு. ஒன்று இப்பக்கம் இழுத்தால் அடுத்தது அப்பக்கம் இழுக்கும். இடையிலுள்ள தூண் நேரே நிற்கும். ஓரத்துக் கூடாரத்திற்கு வெளிப்புறத்தில் துணையில்லை. அதனால் ஓரங்களில் ஒற்றைத் தூணுக்குப் பதில் இரட்டைத் தூண்களும், மூலைகளில் நான்கு தூண்களும் நிறுத்தப்பட்டன. கயிறிழுக்கும் ஆட்டத்தில் கடைசியாக நிற்பவனே காலை அழுந்த ஊன்ற வேண்டியவன் அல்லனோ!

பஸ்லூர் ரகுமான் கான், அரங்கு திறக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, 1982 மார்ச்சு 27ஆம் நாள், இதே ஜித்தா நகரில் நெஞ்சு நோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 52. மறு ஆண்டில் இவ்வரங்கிற்கு ஆகா கான் கட்டடக் கலைப் பரிசு கிடைத்தது.

இவ்வளவும் கேட்டோர், இனிக் கல்லும் சுண்ணமும் வேண்டா என்று முடிவு செய்தல் பிழை. துணிக்கூரையின்மேல் மற்றொரு நிலை எழுப்ப இயலாது. தடித்த பவளச்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல மெல்ல ஏற்று, உள்ளே விரைந்து செல்லாதபடி தடுக்கும். துணிக்கு அவ்வாற்றல் இல்லை. பக்கத்து அறையின் பேச்சு கேளாதிருக்கவும், கள்வர் புகாதிருக்கவும் சுவரே வேண்டும். காத்திருப்போர்க்குத் துணிக்கூரை போதும்; குடியிருப்போர்க்குப் போதாது.

ஜித்தாவிற் பொருந்துவது எங்கும் பொருந்தும் என்பதற்கும் இல்லை. அங்கே பனி பெய்வதில்லை. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து விளையாட்டரங்கு ஒன்றும் 1982இல் இதே வகைத் துணியால் வேயப்பட்டது. வடங்கள் மட்டுமன்றி, உள்ளே செலுத்திய காற்றின் அழுத்தமும் அக்கூரையைத் தாங்கிற்று. 2010 டிசம்பர் 12ஆம் நாள் விடியுமுன், மேலே குவிந்த பனியின் பாரத்தால் துணி கிழிந்து, பனி முழுவதும் ஆடுகளத்தில் அருவியெனக் கொட்டியது. அவ்வேளையில் அரங்கில் ஆட்டம் இன்மையால் உயிர்ச்சேதம் நேரவில்லை.

பனியினும் கொடியது தீ. ஜித்தாவில் இறங்கிய பயணிகள் மக்காவிற்குச் சென்று, அதனையடுத்த மினா என்னும் பள்ளத்தாக்கில் கூடாரங்களில் தங்குவர். முன்னாளில் அக்கூடாரங்கள் பருத்தித் துணியால் ஆனவை. 1997 ஏப்ரல் 15ஆம் நாள் அங்கே ஒரு கூடாரத்தில் பற்றிய தீ, வலிய காற்றால் ஒன்றிலிருந்து ஒன்றிற்குத் தாவிப் பரவியது. ஏறத்தாழ 70,000 கூடாரங்கள் எரிந்தன. 340க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளிலிருந்து சென்றவர் பலர். கற்சுவர் தெருக்களில் தீ ஒரு வீட்டோடு நிற்பதும் உண்டு. நெருக்கமாக நின்ற சீலை வரிசைகளுக்கிடையே அதனைத் தடுக்க ஒன்றும் இல்லை.

அதன்பின் மினாவில் பருத்திக்கு இடமில்லை. ஜித்தா அரங்கிற் கண்ட அதே டெப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியால் 100,000க்கு மேற்பட்ட கூடாரங்கள் அமைக்கப்பட்டன. தீயை அணைக்க நீர்க்குழாய்களும் பொருத்தப்பட்டன. கண்ணாடி இழை எரியாது. ஆனால் பலமுறை மடித்தால் முறியும் இயல்பினது. பருத்தியையும் ஆட்டுமயிரையும் போலச் சுருட்டி ஒட்டகத்தின் முதுகில் ஏற்றுவதற்கு அது ஏற்றதன்று. இக்கூடாரங்கள் பெயர்த்தெடுக்கப்படாமல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஹஜ்ஜு நாள்களில் மினாவில் இருபது இலட்சம் பேர் வரையில் தங்கியதுண்டு. அந்நாள்கள் கழிந்ததும் மக்கள் அனைவரும் நீங்கிவிடுவர். பள்ளத்தாக்கு நிறைய வெண்கூடாரங்கள் அடுத்த ஹஜ்ஜு வரும் வரையில் ஆளின்றி நிற்கும்.